யாரிடமும் வாயைக் காட்டாதே

அன்புள்ள மகள் பொத்தானுக்கு,

நீ அங்கே நல்லபடியாக இருப்பாய், வேளைக்குச் சாப்பிடுவாய் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். இங்கே அப்பா தலை முதல் கால் வரை நலம். நான் கழுத்துக்குக் கீழே நலம். கழுத்துக்கு மேலே நடப்பதைப் போனில் சொல்ல முடியவில்லை, ஞாயிற்றுக்கிழமையிலிருந்து வாய் ஒரு விரல் அளவுக்குத்தான் திறக்கிறது, அதுவும் சுண்டு விரல். அன்றைக்கு நீ பேசியபோது நான் ம், ம் என்றே சொல்லிக்கொண்டிருந்தேன், நீகூட என்னம்மா கோவமா என்று கேட்டாய். அந்த ம் வலியால் வந்தது. கோபமும் இருக்கிறது, அதை இதில் எழுதுகிறேன். அப்பா பக்கம் பக்கமாகப் படம் எடுத்து உனக்கு அனுப்புவார், ஒரு பக்கம் விட்டுப்போனால் அவரைக் கேள், என் மேல் பாயாதே.

முதலிலிருந்தே சொல்கிறேன், ஏனென்றால் இந்த வலியைப் பற்றி உன்னிடம் ஒரு கதை, அப்பாவிடம் ஒரு கதை, காலரைத் தவிர எதையும் தைக்கமாட்டேன் என்று எங்கள் தையல் கூடத்தில் உட்கார்ந்திருக்கிறாளே அந்தக் காலர் அக்காவிடம் ஒரு கதை இருக்கிறது. ஆறு வாரத்துக்கு முன்னால் எனக்கு வலித்தது காது. காது டாக்டரிடம் போனேன். இரண்டு மணி நேரம் உட்காரவைத்து, விளக்கு அடித்துப் பார்த்து, காது பளிச்சுனு இருக்கு, போய் பல்லைக் காட்டுங்க என்று அனுப்பிவிட்டார். பல்லில் இருக்கிற கோளாறு காதில் வலிக்கும் என்பதை ஐம்பத்திரண்டு வயதில் கற்றுக்கொண்டேன். அப்பா உப்புத் தண்ணீரில் கொப்பளி என்றார், அவருக்கு முழங்கால் வலித்தாலும் உப்புத் தண்ணீர்தான். காலர் அக்கா கிராம்பை வை என்றாள், வைத்தேன், கன்னத்தின் உள்தோல் வெந்ததுதான் மிச்சம். கொஞ்ச நாள் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொள் என்று சொல்லவும் ஆள் இருந்தது. கடிக்க முடிந்தால் எனக்கு என்ன கேடு.

பிறகு எங்கள் கட்டடத்திலேயே மாடிப்படிக்கு அடியில் இருக்கும் பல் டாக்டரிடம் போனேன். அங்கே நடந்ததை உன்னிடம் மறைத்தேன், இப்போது சொல்கிறேன், சிரிக்காதே. நாற்காலியில் சாயவைத்து எந்தப் பக்கம் வலி என்று கேட்டார், வலது என்றேன். அப்போது வீக்கம் கிடையாது, வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. வலது பக்கம் படம் எடுத்தார், அங்கே ஒரு ஞானப்பல் பாதி புதைந்து கிடந்தது. இவர்தான் ஆளு, இன்னிக்கே எடுத்துரலாம் என்று ஊசியைக் கையில் எடுத்துவிட்டார். ஊசி வலிக்காத பக்கமாக வருகிறதே என்று நான் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். வலதுன்னு நீங்கதானே சொன்னீங்க என்றார். உங்களுக்கு வலது டாக்டர் என்றேன். முப்பது வருஷமாக எதிரில் நிற்கிறவர்களுக்கு அளவெடுத்த நாக்கு, என் இடது கைக்கு நேரே இருப்பது அவர்களுடைய வலது தோள், அதை வலது என்று சொல்லித்தான் பழக்கம். சட்டையில் பை பக்கம் மாறினால் பிரித்துத் தைக்கலாம், பிடுங்கிய பல்லை என்ன செய்வது. டாக்டர் பாவம், வியர்த்துப்போய்த் தண்ணீர் குடித்துவிட்டு இடது பக்கம் படம் எடுத்தார். அங்கே இருப்பது குறுக்கே படுத்துக்கொண்டு பக்கத்துப் பல்லை முட்டுகிறதாம், வேர் நரம்புக்குப் பக்கத்தில் இருக்கிறதாம். இது என் கைக்கு மீறினதும்மா, வாய் அறுவை செய்யற டாக்டர்தான் எடுக்கணும், தள்ளிப்போடாதீங்க என்று சீட்டும் மாத்திரையும் எழுதிக் கொடுத்தார். ஞானப்பல் என்று பெயர் வைத்தவன் யாரோ, எனக்கு வந்தது வெறும் வலி.

எங்கே போவது என்று உன்னைக் கேட்டதுதான் நான் செய்த தப்பு. பெரிய ஆஸ்பத்திரியைத் தவிர வேறு எங்கேயும் கூடாது என்றாய். சரி, போனில் பதிவு செய்கிறேன் என்றாய், செய்தாய், மூன்று வாரம் கழித்து நாள் கொடுத்தார்கள். அந்த வாரம் உனக்கு லீவு கிடைக்கவில்லை, நீயே தள்ளிப்போட்டாய். அடுத்த நாளையும் தள்ளிப்போட்டாய். பல் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குப் போகட்டுமா என்று கேட்டால், படிக்கிற பசங்க உன்மேல கை பழகுவாங்க, நான் வர்ற வரைக்கும் யார்கிட்டயும் வாயைக் காட்டாதம்மா என்றாய். வாத்தியார் முதல் வாட்ச்மேன் வரை எல்லாரிடமும் எதிர்த்துப் பேசிவிட்டு வருவாயே, யாரிடமும் வாயைக் காட்டாதே என்று உனக்குப் பத்து வருஷம் சொல்லி அலுத்தவள் நான். அதை எனக்கே திருப்பிச் சொல்கிறாய், நானும் நல்ல பிள்ளையாகக் கேட்டுக்கொண்டு மாத்திரையோடு உட்கார்ந்திருக்கிறேன். மாத்திரை தீர்ந்ததும் வலி திரும்பி வந்தது.

திங்கட்கிழமை வேலையில் குண்டூசியை உதட்டில் வைத்தேன், பிடி நிற்காமல் ஒவ்வொன்றாக மடியில் விழுந்தது. எச்சில் விழுங்கினால் தொண்டை வரை இழுக்கிறது. இடது கன்னம் கோட்டுத் தோளுக்குள் பஞ்சு வைத்துத் தைத்த மாதிரி உப்பியிருக்கிறது, நேற்று முதல் காய்ச்சலும் சேர்ந்துவிட்டது. ரொட்டியைப் பாலில் ஊறவைத்து உறிஞ்சுகிறேன். இன்று காலை மாடிப்படி டாக்டர் என்னை வழியில் பார்த்து நின்றுவிட்டார். வாயைத் திறக்கச் சொன்னார், திறக்கவில்லை. இன்னுமா போகல, சீழ் தொண்டைக்கு இறங்கினா மூச்சே அடைக்கும்மா என்று கத்தினார். நாளை காலைக்கு மேல் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாது, ராத்திரியில் மூச்சு முட்டினால் அந்த நிமிஷமே அவசரப் பிரிவுக்கு ஓட வேண்டும் என்று அப்பாவைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டுப் போனார். அப்பா உப்பைப் பற்றி வாயே திறக்கவில்லை.

அதனால் நாளை ஏழு மணிக்குக் கல்லூரி ஆஸ்பத்திரிக்குப் போகிறோம். நீ கோபப்பட்டாலும் சரி. மத்தியானமே அப்பா போய்ப் பார்த்துவிட்டு வந்தார், நீளமான அறையில் இருபது நாற்காலியாம், ஒவ்வொன்றுக்கும் படிக்கிற பிள்ளை ஒன்று, நடுவில் ஒரு பெரிய டாக்டரம்மா நடந்துகொண்டே இருக்கிறாராம், அவர் குனிந்து பார்க்காமல் யாரும் கையை வைப்பதில்லையாம். சீட்டைக் காட்டியதும், வீக்கமும் காய்ச்சலும் இருந்தா வரிசையில நிக்க வேணாம், நேரா அறுவைப் பக்கம் கூட்டிட்டு வாங்க என்றாராம். எங்கள் கூடத்தில் புதிதாக வருகிறவர்கள் தைக்கிற ஒவ்வொரு தையலையும் நான் திருப்பிப் பார்க்கிறேன் இல்லையா. தனியாகத் தைத்தால் என் கையே சில நாள் கோணிப்போகிறது, பின்னால் ஒருத்தி நின்றால் கோணாது. எனக்கு அந்த டாக்டரம்மா போதும். பக்கம் மாறாமல் இருக்க, நாளை போட்டுக்கொள்ளும் சட்டையில் இடது தோளில் சிவப்பு நூலால் ஒரு தையல் போட்டு வைத்திருக்கிறேன். இடது வலது என்று எதுவும் சொல்லப் போவதில்லை, நூலைக் காட்டுவேன்.

இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன், வாய் திறந்திருந்தால் சொல்லியிருக்க மாட்டேன். ஆறு வாரம் நான் சும்மா இருந்தது உன் பேச்சுக்குப் பயந்து இல்லை. நீ வந்து கூட்டிப்போகிறேன் என்று சொன்னாயே, அதைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். மூன்று வருஷமாக எதற்கும் வராதவள் ஒரு பல்லுக்காக வருகிறேன் என்றாள், அந்தப் பல்லை நானே போய் எடுத்துவிட்டால் நீ எதற்கு வருவாய் என்று நினைத்தேன். காய்ச்சல் வந்த பிறகும் நேற்று முழுக்க அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். எவ்வளவு முட்டாள்தனம் பார். இதை அப்பாவுக்குச் சொல்லவில்லை, படம் எடுக்கும்போது படித்துவிடுவார், படிக்கட்டும்.

அங்கே கிழிசல் தைக்கும்போது நீ நூலைப் பல்லால் கடித்து அறுக்காதே, கத்தரிக்கோலை வைத்துக்கொள். உன் ஞானப்பல்லையும் அங்கே ஒரு நல்ல டாக்டரிடம் போய்க் காட்டு, என்னை மாதிரி யாருக்காகவும் காத்திருக்காதே. நாளை அப்பா போன் செய்வார், பதறாமல் பேசு. உடம்பும் மனசும் நோகாமல் நீ நன்றாக இருக்க வேண்டும், அதுதான் எனக்கு வேண்டியது.

லீவு கிடைக்கும்போது வா. பல் இருக்காது, நான் இருப்பேன்.

உன் மேல் கோபமும் ஆசையுமாக,
அம்மா