ஏழு வயதுக்காரியின் தூண்டில்

ஹெப்பகோடி,
17.9.1998

அன்புள்ள மாமாவுக்கு, காந்தா எழுதுகிறேன். இருமல் குறைந்ததா? மாத்திரையைப் பாதியில் நிறுத்திவிடாதீர்கள். நான் நன்றாக இருக்கிறேன்.

பட்டறையில் இப்போது என்னைத் தூண்டில் கோலுக்கு, நரம்பு ஓடும் வளையம் கட்டும் வேலையில் போட்டிருக்கிறார்கள். வளையத்தைக் கோல்மேல் வைத்து, அதன் காலை மூடி நூலை நெருக்கமாகச் சுற்ற வேண்டும். திங்களன்று ஒரு சின்னக் கோல் வந்தது. யாரோ தன் ஏழு வயது மகளுக்குச் செய்யச் சொன்னாராம். சீட்டில் அவள் உயரம்கூட எழுதியிருந்தது. நம் கோகிலாவுக்கும் ஏழுதானே என்று நினைத்தபடியே சுற்றினேன். வளையமெல்லாம் கோணிப்போயின. "ஏனம்மா, கண்ண எங்க வெச்சிருக்கே?" என்றார் மேஸ்திரி நஞ்சப்பா. எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். நூலை அறுத்துவிட்டு மறுபடி சுற்றினேன்.

கோகிலாவைச் சுவரோரம் நிறுத்தி, உச்சியிலிருந்து பாதம்வரை ஒரு நூலால் அளந்து, அந்த நூலைக் கடிதத்தில் வைத்து அனுப்புங்கள். தீபாவளிக்குக் கவுன் தைக்கக் கொடுக்க வேண்டும். அவள் உயரம் எனக்குத் தெரியவில்லை, மாமா.

லீவு கிடைக்காது. கவுனைக் கொடுத்தனுப்புகிறேன்.

பட்டறை வேன் வந்துவிட்டது. அளக்கும்போது கோகிலாவிடம், அம்மா வருகிறாள் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். போன தடவை இரண்டு நாள் பஸ் ஸ்டாப்பிலேயே உட்கார்ந்திருந்தாளாமே.

காந்தா