நான்கு கைகள் வேண்டிய வேலை

9 ஜூன், திங்கள்

ஒரு பழைய கணினிக்காக நாட்குறிப்பு எழுதுவது அசட்டுத்தனம்தான், மன்னிக்கவும். புலம்ப வேறு இடம் இல்லை. திரையும் பெட்டியும் ஒன்றாக இருக்கும் அந்தப் பழசு, இன்று திறக்கவே அரை மணி நேரம் எடுத்தது. உள்ளே ஹார்ட் டிஸ்க் கடக் கடக் என்கிறது. வெள்ளிக்குள் நாடகத்துக்குச் சப்டைட்டில் எழுதி அனுப்பாவிட்டால் வேலை நிரந்தரமாகாது. மீன்வளம் படித்தவளுக்கு இத்தனை மாதத்தில் கிடைத்த ஒரே வேலை.

10 ஜூன்

ஈப்போ டவுனில் கணினி பழுதுபார்க்கும் கடையில் சுரேன் அண்ணன் உதட்டைப் பிதுக்கினார். "முன்கண்ணாடிய பசை போட்டு ஒட்டியிருக்கான் தங்கச்சி. தெறந்தா ஒடையும்லா. ரெண்டு வாரம் விட்டுட்டுப் போ."

ரெண்டு வாரமா! ஹார்ட் டிஸ்குக்குப் பதிலாகப் போட ஒரு புது எஸ்எஸ்டியை மட்டும் வாங்கிக்கொண்டு, வீட்டுக்கு லகாட் பஸ் ஏறினேன்.

வேலிக்கு அந்தப் பக்கம் பிரமிளா அக்கா: "இவளே மாத்தப் போறாளா?"

"பின்ன? எம்மவ டிகிரிலா!" என்றார் அம்மா.

"டிகிரி மீனுக்குத்தானேக்கா?" என்றார் பிரமிளா அக்கா.

11 ஜூன்

இதுவரை எழுதிய சப்டைட்டிலைப் பென்டிரைவில் ஏற்றிவிட்டேன். செய்முறை வீடியோவில் இரண்டு பேர். ஒருவர் திரையைப் பிடித்திருக்க, மற்றவர் பின்னாலுள்ள வயரைக் கழற்றுகிறார். நான் யாரைக் கூப்பிடுவது? பிரமிளா அக்காவையா? ஐயோ.

12 ஜூன், வியாழன்

போச்சு. எல்லாம் போச்சு.

பிளாஸ்டிக் அட்டையால் பசையை அறுத்து, இடது கையால் கண்ணாடியைத் தூக்கி, வலது கையை உள்ளே விட்டேன். எட்டவில்லை. நழுவியது. மூலையில் விரிசல். மைலோ டின்னை முட்டுக்கொடுத்து வைத்திருக்கிறேன். தூக்கவும் முடியல, மூடவும் முடியல. எதுக்கு எனக்கு இந்த வீம்பு?

அம்மா கையுறைத் தொழிற்சாலையிலிருந்து வந்து எட்ட நின்றே பார்த்தார். "கெட்டுப்போச்சாம்மா?"

"இல்லம்மா. நீங்க சாப்பிடுங்க."

பொய். பள்ளி நாளிலிருந்து என் படிப்புச் சம்பந்தமான எதற்கும் அம்மாவைக் கூப்பிட்டதில்லை. 'எனக்குத் தெரியாதும்மா' என்று அவர் சொல்லும்படி ஆகிவிடுமே என்று. இப்போது எனக்கே தெரியவில்லை என்று எந்த முகத்தோடு சொல்ல?

13 ஜூன், வெள்ளி

அனுப்பிவிட்டேன். புது எஸ்எஸ்டியோடு கணினி சட்டென்று திறக்கிறது. விரிசல் அப்படியே இருக்கிறது. வேலை நிலைக்குமா — தெரியாது.

காலையில் அம்மா செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார். தொழிற்சாலை வேன் முனையில் ஹார்ன் அடித்தது. மறுபடியும் அடித்தது. அப்போதுதான் எனக்கு வாய் வந்தது:

"அம்மா, இன்னிக்கு வேலைக்குப் போவாதீங்க. எனக்குத் தனியா முடியல. இந்தக் கண்ணாடிய கொஞ்சம் புடிச்சிக்கிறீங்களா?"