சரோஜாவின் வேல் கடையும் எங்கள் வீட்டுச் சீரும்

என் அருமை நாத்தனார் சரோஜாவுக்கு,

நீ லாபத்தில் விட்டுப்போன இணையக் கடையை உன் அண்ணி சில மாதங்களிலேயே நஷ்டத்தில் தள்ளிவிட்டாள் என்று திருத்தணி மலையடிவாரத்தில் பேசிக்கொள்கிறார்கள். அது தவறு. அந்தக் கடை ஒருநாளும் லாபத்தில் இருந்ததில்லை. உனக்குச் சொல்கிற சாக்கில் அவர்களும் கேட்டுக்கொள்ளட்டும்.

நீ போன பிறகு உன் பையன் பாபு வந்து, "அத்தே, ஆடிக் கிருத்திகை வரைக்குமாவது நீங்க பாத்துக்கோங்க. வெளிநாட்டு ஆர்டர் வந்துகினே இருக்குது" என்றான். உன்னைவிட நன்றாக நடத்திக் காட்டலாம் என்றுதான் ஒப்புக்கொண்டேன். இனி உன்னிடம் மறைத்து என்ன?

கம்ப்யூட்டரைத் திறந்தால் எல்லாக் கடிதமும் உனக்கு. பினாங்கிலிருந்து ஒருத்தி, "சரோஜாக்கா, உங்கள் வேல் வந்த பிறகுதான் மகனுக்கு வேலை கிடைத்தது" என்று எழுதுகிறாள். நீ காலமானதை முதல் பக்கத்திலேயே போட்டேன். அதற்கு வந்த அழுகையைப் படித்து முடிக்க ஒரு காலைப்பொழுது போதவில்லை. உன் அண்ணன் இறந்தபோது எனக்கு வந்த கடிதங்கள் ஒரு கைப்பைக்குள் அடங்கிவிட்டன.

ஆர்டர் குறையவில்லை. ஆனால் அடுத்த சரக்கு எடுக்கப் பணம் இல்லை. எங்கள் கான்வென்டில் கணக்கு சிஸ்டர், சதவீதம் என்றால் எதன்மேல் சதவீதம் என்று கேட்காமல் பேனாவைத் திறக்க விடமாட்டார். பித்தளை வேல் ஒன்றே ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

"நூறு ரூபாக்கு வாங்கி நூத்தம்பதுக்கு விக்கிறேன் அண்ணி, பாதிக்குப் பாதி லாபம்!" என்பாயே. விற்ற விலையில் அது மூன்றில் ஒரு பங்குதான், சரோஜா. அந்த ஐம்பதில் கார்டு கம்பெனியின் கமிஷன் போயிற்று. அட்டைப்பெட்டி, அரக்கோணம் வரை பார்சல் கொண்டுபோகிற செலவு, அதுவும் போயிற்று. மிச்சத்தை நீ மலைக்கு எடுத்துப்போனாய். வாங்குகிறவரின் பெயரும் நட்சத்திரமும் சொல்லி ஒவ்வொரு வேலுக்கும் அர்ச்சனை. சீட்டு, தேங்காய், பழம், ஏறி இறங்க ஆட்டோ. இதில் எதையும் விலையில் சேர்க்கவில்லை. ஒவ்வொரு வேல் விற்கும்போதும் கையிலிருந்து போட்டிருக்கிறாய். அப்படியானால் கடை இத்தனை வருடம் எப்படி ஓடியது?

பாபுவுக்கு போன் செய்தேன். "உங்கம்மாவுக்கு எங்கேருந்துடா பணம் வந்துது?"

"நீங்க குடுத்ததுதான் அத்தே."

"நான் எப்ப குடுத்தேன்?"

"பொங்கலுக்கும் ஆடிக்கும் சீர் வருமில்ல? அம்மா பொடவையே எடுக்க மாட்டாங்க. அண்ணன் வூட்டுப் பணம் வந்தா கடைக்கு ராசின்னு அதையும் கடை வரவுல சேத்துடுவாங்க."

தாம்பாளத்தில் வெற்றிலை, பாக்கு, மஞ்சள், பூ வைத்து, அதன்மேல் பணக் கவரையும் வைத்து உன் கையில் கொடுத்தவள் நான். அவர் போன பிறகும், அண்ணன் இல்லையே என்று நீ குறைப்படக் கூடாதென்று நானே கொடுத்தேன். இந்தப் பொங்கலுக்குச் சீர் வாங்க நீ இல்லை, கடைக்கும் பணம் வரவில்லை. ஊர் கண்டுபிடித்த நஷ்டம் அவ்வளவுதான்.

"பாத்தியா, எங்க சரோஜா கடை எப்டி ஓடுது! நீயும் கான்வென்ட்ல படிச்ச, இன்னா பண்ண?" என்று உன் அண்ணன் ஒருநாள் சாப்பிடும்போது கேட்டார். ரசத்தைக் கொஞ்சம் வேகமாகவே ஊற்றினேன்.

இப்போது அர்ச்சனைக்குத் தனியாக விலை போட்டிருக்கிறேன். பூக்கடை மல்லிகா விடுவாளா? "சரோஜாம்மா சாமிக்குச் செஞ்சுகினு இருந்தாங்க. நீங்க இன்னாடான்னா பில்லு போடறீங்க!" என்றாள்.

"ஆங், போடறேன். நீ பூவை சும்மாவா குடுக்கிற?" என்றேன். சிரித்தாள். முழத்தைக் குறைத்தே அளந்தாள்.

விலை ஏறியதும் ஆர்டர் நின்றுவிடும் என்று பயந்தேன். நிற்கவில்லை. பினாங்குக்காரி எழுதினாள்: "கூடுதலானால் பரவாயில்லை. சரோஜாக்கா செய்த மாதிரியே செய்யுங்கள்." லாபம் வந்தாலும் உன் பேரில்தான் வருகிறது. நல்ல கணக்கு எழுதியதற்காக யாரும் என்னை அக்கா என்று கூப்பிடப் போவதில்லை.

ஆனால் என்னைத் தூங்கவிடாதது இது இல்லை. உன் அண்ணன் ரயில்வேயில் கணக்குப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டில் பால் கணக்கு பிசகினாலும் கண்டுபிடிப்பார். உன் பார்சலை அவர்தான் அரக்கோணத்துக்குத் தூக்கிக்கொண்டு போனார். அந்த வேல் உனக்கு என்ன விலை பிடித்தது என்று அவருக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? அப்புறம் எதற்கு வருடத்துக்கு வருடம் சீரைக் கூட்டினார்? அவர் இருந்தபோதே ஒருமுறை கேட்டேன். "எனக்குக் கீறது ஒரே தங்கச்சி" என்றார்.

எனக்கும் அவர் ஒருவர்தான் இருந்தார்.

கடையை மூடமாட்டேன். யார் பெயரும் நட்சத்திரமும் விட்டுப்போகாமல் ஒவ்வொரு வேலும் மலைக்குப் போகும், அதற்கு உண்டான விலையோடு. இந்த ஆடிக்கு உன் கடை யார் சீரும் இல்லாமல் நிற்கும். இது என் வாக்கு.

நீ எனக்கு ஒன்று மட்டும் சொல். அவருக்குத் தெரியுமா? தெரிந்துகொண்டே நீங்கள் அண்ணனும் தங்கையுமாக என்னிடம் சொல்லாமல் இருந்தீர்களா? கனவில் வந்து சிரித்துவிட்டுப் போகிற வேலை வேண்டாம். எழுத்தில் பதில் போடு.

உன் அண்ணனின் மனைவி,
லலிதா அண்ணி
திருத்தணி