லேபிள் உரித்த பாட்டில்

கருமத்தம்பட்டி
9.6.1996

பிரியமுள்ள சாந்தாமணிக்கு,

உன் கல்யாணப் பந்தியில் உன்னைப் பார்த்தது. நாலு மாதமாகிறது. ஒரு கார்டு போட உனக்குக் கை வரவில்லை. காங்கேயத்துக்காரர்கள் உன்னை அவ்வளவு வேலையா வாங்குகிறார்கள்?

நான் வாரநாட்களில் லேபில் இருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் டாக்டர் வரதராஜுலுவோடு ஊர் ஊராகப் போய், குழந்தைகளுக்கு வரும் சர்க்கரை நோயைப் பற்றிச் சொல்கிறேன். குழந்தைக்குக்கூடச் சர்க்கரை வருமா என்று சிரிக்கிறார்கள். நீலத் திரவத்தில் எட்டுச் சொட்டு சிறுநீர் விட்டுக் காய்ச்சிக் காட்டுவேன். நீலம் நீலமாகவே இருந்தால் அந்தப் பிள்ளையை விளையாட அனுப்பிவிடலாம். எங்காவது ஒரு குழாயில் அது பச்சையாகி, மஞ்சளாகி, செங்கல் நிறத்தில் வந்து நிற்கும்.

அந்த நீலம் கனவில் வருகிறது. உக்கடம் குளம் முழுக்க அந்தத் திரவம். கரையில் என் தம்பி மாசாணம் குந்தியிருந்து குடித்துக்கொண்டே இருக்கிறான். நான் கூப்பிட்டால் திரும்பி, இன்னும் கொஞ்சம்தாங்க்கா என்கிறான். சாகும்போது அவனுக்கு ஒன்பது வயது. குடம் குடமாகத் தண்ணீர் குடித்தான். அவன் ஒன்றுக்குப் போன இடத்தில் எறும்பு மொய்த்தது. எங்கள் வளவுச் சனம் முழுக்கப் பார்த்தது, ஒருத்தருக்கும் தெரியவில்லை. கயிறு மந்திரித்துக் கட்டினோம்.

இந்த நோய் உள்ளவர்களின் கூடப்பிறந்தவர்களிடம் ரத்தம் எடுத்து ஆராய்ச்சிக்கு அனுப்புகிறோம். நோய் வருவதற்கு முன்பே ரத்தத்தில் அடையாளம் தெரியுமா என்று பார்க்கிறார்கள். தெரிந்தாலும் தடுக்க இன்றைக்கு மருந்து இல்லை. ஆனால் அந்தப் பிள்ளைமேல் ஒரு கண் வைத்திருக்கலாம். உன் தம்பி அருண்குமாரை அனுப்பேன். அப்புறம், ஊசி போட்டுக்கொண்டே பி.காம். முடித்தாள், கல்யாணமும் செய்துகொண்டாள் என்று உன் பேரைச் சொல்லி முகாமில் பேசட்டுமா?

போன வாரம் ஒரு தோட்டத்தில், பொட்டப்புள்ளைக்குச் சோதனை வேண்டாம், வெளியே தெரிந்தால் எவன் கட்டுவான் என்றார்கள். எனக்கு மோர் தனி டம்ளரில் வந்தது. அப்படியே வைத்துவிட்டு வந்தேன்.

உன் ஹாஸ்டல் ரூம்காரி,
அன்புக்கரசி

காங்கேயம்
20.6.1996

அன்பு அம்மணிக்கு,

கோவித்துக்கொள்ளாதே. என் பேரைச் சொல்லிவிடாதே, உனக்குப் புண்ணியமாகப் போகும். இங்கே யாருக்கும் தெரியாது. அவருக்கும் தெரியாது. பேசி முடிக்கும்போது அப்பா சொல்லவில்லை. இப்போது நான் எப்படிச் சொல்வது?

மாமனார் மாடு வளர்க்கிறார். ஃபிரிட்ஜ் கதவில் மாட்டு மருந்து பாட்டில்கள் இருக்கும். என் இன்சுலின் பாட்டிலின் லேபிளை ஈரத்துணியால் உரித்துவிட்டு அதோடு வைத்திருக்கிறேன். வீட்டில் யாரும் அதைத் தொடுவதில்லை. ஊசியைக் குளிக்கப் போகும்போது போட்டுக்கொள்கிறேன். அருணுக்குச் சோதனை என்றால் அக்காவுக்கு என்ன என்று கேட்பார்களே. அம்மா ஒத்துக்கொள்ள மாட்டாள்.

சாப்பாடு தள்ளிப்போகும் நாட்களில் சர்க்கரை இறங்கிவிடுகிறது. கை பஞ்சாகிறது. பனைமரங்கள் தண்ணீருக்குள் நிற்பதுபோல அசைகின்றன. அத்தை கூப்பிடுவது அடுத்த ஊரிலிருந்து கேட்கிறது. பயமாக இருக்காது, அன்பு. அதுதான் பயம். அப்படியே போய்விடலாம் போல இருக்கும். முந்தானையில் கருப்பட்டித் துண்டு முடிந்து வைத்திருக்கிறேன். வாயில் போட்டதும் மரங்கள் ஒவ்வொன்றாகத் தரைக்கு வரும். அப்போதெல்லாம் கட்டுத்தறியில் ஒரு வெள்ளைக் கன்றுக்குட்டி என் கையை நக்கிக்கொண்டிருக்கும். இந்த வீட்டில் என்னைத் தெரிந்தது அது ஒன்றுதான்.

சாந்தாமணி

கருமத்தம்பட்டி
2.7.1996

சாந்தாமணி,

லேபிளைத் திரும்ப ஒட்டு. முதல் வேலையாக அதைச் செய்.

நீ ஒருநாள் மயங்கி விழுந்தால் அவர்கள் என்ன செய்வார்கள்? முகத்தில் தண்ணீர் தெளிப்பார்கள், சாமியாடியைக் கூப்பிடுவார்கள். என் தம்பிக்குச் செய்ததைத்தான் செய்வார்கள். நாங்கள் கூலிக்காரர்கள், எங்களுக்குத் தெரியாது. உங்கள் வீட்டில் காரும் ஃபிரிட்ஜும் இருக்கிறது, தெரிந்தும் சொல்லமாட்டீர்கள். கௌரவம் எங்கள் வீட்டுக் கயிற்றைவிட மோசமான கயிறு.

உன் கல்யாணத்தில் நானும் வாயை மூடிக்கொண்டு மூன்று முறை பாயசம் வாங்கினேன். அந்த வெட்கத்தில்தான் இவ்வளவு கோபம். உன் பேரை எங்கேயும் சொல்லவில்லை. நீ சொல்லாமல் சொல்லமாட்டேன்.

அன்பு

பல்லடம்
11.8.1996

என் அன்புக்கு,

முகவரியைப் பார்த்திருப்பாய். அம்மா வீட்டுக்கு வந்து எட்டு நாளாகிறது.

நான் கிளம்பியதற்கு முந்தின நாள், சனிக்கிழமை, மாட்டு ஊசி போடும் ஆறுச்சாமி வந்தார். நான் கிணற்றடியில் துவைத்துக்கொண்டிருந்தேன். மாமா ஃபிரிட்ஜிலிருந்து பாட்டில்களை எடுத்துக் கொடுத்திருக்கிறார். ஒன்றில் லேபிள் இல்லையே என்று ஆறுச்சாமி கேட்டதற்கு, எல்லாம் நம்ம மாட்டு மருந்துதான் போடுங்க என்றிருக்கிறார். நீ சொன்னபடி நான் லேபிளை ஒட்டவில்லை.

முதலில் அந்த வெள்ளைக் கன்றுக்குட்டிக்கு அதைப் போட்டார்கள். மற்ற மாடுகளுக்கு வேறு பாட்டில். ஒரு மணி நேரத்தில் கன்று நடுங்கிச் சாய்ந்தது. பாம்பு கடித்திருக்கும், தேறாது என்றார் ஆறுச்சாமி. அவருடைய மருந்துப் பைக்குப் பக்கத்தில் என் பாட்டில் நின்றது.

கன்றின் கண்ணைப் பார்த்தேன். அது எங்கே போய்க்கொண்டிருக்கிறது என்று எனக்குத் தெரிந்தது. பனைமரங்கள் தண்ணீருக்குள் நிற்கும் இடம். பேசாமல் இருந்திருந்தால் பாம்பு என்றே முடிந்திருக்கும். மாசாணத்தை எல்லோரும் பார்த்தோம், ஒருத்தருக்கும் தெரியவில்லை என்று எழுதியிருந்தாயே. இங்கே தெரிந்த ஒருத்தி நின்றுகொண்டிருந்தேன்.

முந்தானையை அவிழ்த்தேன். கருப்பட்டியைக் கரைத்து, மருந்து புகட்டும் மூங்கில் குழாயில் ஊற்றி, கொஞ்சம் கொஞ்சமாகக் கடைவாயில் விட்டேன். அத்தையிடம் இன்னும் கேட்டேன், டப்பாவோடு கொண்டுவந்தார்கள். அரைமணி கழித்துக் கன்று தலையைத் தூக்கி என் கையை நக்கியது.

உனக்கெப்படிம்மா தெரிஞ்சுது என்றார் மாமா.

"அது என்ற மருந்துங்க மாமா. ஆறு வருசமா போட்டுக்கறனுங்க."

அவர் கத்தவில்லை. கன்றைத் தடவிக்கொண்டே சொன்னார்: "கன்னுக்குச் சுழி பாத்துத்தான் புடிச்சேன். உனக்குப் பாக்காம உட்டுட்டேன்."

அன்பு, எனக்கு அழுகை வரவில்லை. "சுழி பாத்தா இது தெரியாதுங்க மாமா. ரத்தம் பாக்கோணும்" என்றேன். அது உன் வார்த்தை. என் வாயில் வந்துவிட்டது.

ராத்திரி மாமா சொல்லித்தான் என் வீட்டுக்காரருக்குத் தெரிந்தது, திண்ணையில் போய்ப் படுத்துக்கொண்டார். மறுநாள் மாமாதான் பஸ் ஏற்றிவிட்டார். வா என்றும் சொல்லவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை. பஸ் நகரும்போது ஜன்னல் வழியாக ஒரு ஈரத்துணிப் பொட்டலத்தைக் கொடுத்தார். பிரித்தால் என் பாட்டில். ஒரு தாளை வெட்டி, பேனாவால் சாந்தாமணி என்று எழுதி அதில் ஒட்டியிருந்தது. அதற்கு என்ன அர்த்தம் என்று எட்டு நாளாக யோசிக்கிறேன். நீயும் யோசித்து வை.

அம்மா தலையில் அடித்துக்கொள்கிறாள், அருணின் வாழ்க்கையும் போச்சாம். அருண் அவளுக்குத் தெரியாமல் என்னிடம் வந்து, ஊசி ரொம்ப வலிக்குமாக்கா என்று கேட்டான். கொஞ்சம் வலிக்கும் என்றேன்.

வருகிற ஞாயிறு முகாம் எங்கே? அவனைக் கூட்டிக்கொண்டு முதல் பஸ்ஸில் வாரேன். மோர் நான் கொண்டுவருகிறேன். ஒரே டம்ளர்தான் கொண்டுவருவேன்.

அங்கே என் பேரை நீ சொல்ல வேண்டாம். நானே சொல்லிக்கொள்கிறேன்.

உன்,
சாந்தாமணி