பெட்டிக்குள் ஐம்பது விமானங்கள்

வாஷிங்டன், 1941

செப்டம்பர் 9

ஐம்பது சண்டை விமானங்கள். ஹவாயும் பனாமாவும் பிலிப்பைன்ஸும் தங்களுக்குத்தான் வேண்டும் என்று பிடுங்கி எடுக்கின்றன. கடைசியில் பிலிப்பைன்ஸ் என்று எழுதிவிட்டேன். தம்பி வெண்டல் அங்கே மெக்கானிக்காக இருக்கிறான் என்பதற்காகவா? இல்லை. இல்லை என்றுதான் நினைக்கிறேன்.

ஒதுக்கீடு கையெழுத்தான அன்றே விமானமும் அதற்கான சாமான்களும் போய்ச் சேர்ந்ததாக அந்த இடத்தின் கணக்கில் ஏற்றிவிடுவது, ராணுவ விமானங்களைப் பங்கிடும் எங்கள் பிரிவின் வழக்கம். அதைக் கொண்டுவந்தவன் நான்தான். கப்பல் கரை சேரக் காத்திருந்தால் பட்டியல் எந்த மாதமும் முடியாது. முடியாத பட்டியல் எங்கள் மேலதிகாரி கர்னல் பெக்வித்துக்கு ஆகாது.

அக்டோபர் 21

வெண்டலிடமிருந்து கடிதம். "க்ளெம், நீ அனுப்பின ஐம்பதும் வந்துச்சு. இன்ஜினைக் குளிர வைக்கிற திரவம் மட்டும் ஒரு சொட்டு வரலை. பெட்டியப் பிரிக்கவே இல்லை, அது மேல உக்காந்து சீட்டாடறோம்."

விளையாட்டாகத்தான் எழுதியிருக்கிறான். அந்தத் திரவம் இல்லாமல் ஒரு விமானம்கூடப் பறக்காது.

அக்டோபர் 22

சரக்குப் பிரிவில் ஹோபர்ட்டிடம் போனேன். "விமானத்தோட சேர்த்து அனுப்பியாச்சுன்னு உங்க தாள்லயே இருக்கே மேஜர். அனுப்பினதை எப்படித் திரும்ப அனுப்புறது?"

என் தாள்தான். திரும்பி வந்துவிட்டேன்.

நவம்பர் 12

கூட்டம். "பிலிப்பைன்ஸ்ல எத்தனை இருக்கு?" என்றார் கர்னல்.

"ஐம்பது, சார்."

"அப்ப அவங்களுக்குப் போதும். அடுத்த நாற்பதைப் பனாமாவுக்குப் போட்டுடு."

ஐம்பதும் பெட்டிக்குள்தான் கிடக்கின்றன என்று அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் ஹவாய், பனாமா எல்லாவற்றுக்கும் நான் கொடுத்த எண்கள் சந்தேகத்துக்குள்ளாகும். போதாததற்கு, தம்பிக்காகப் பரிந்து பேசுகிறேன் என்பார்கள். வாயை மூடிக்கொண்டு நாற்பதை எழுதினேன். நீயெல்லாம் ஒரு மனுஷனாடா?

நவம்பர் 20

சொல்லிவிட்டேன். கர்னல் கத்தவில்லை. கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார். "எப்பத்துலேர்ந்து தெரியும் உனக்கு?"

"ஒரு மாசமா, சார்."

"ஒரு மாசம்," என்றார். உடனே தொலைபேசியை எடுத்தார்.

டிசம்பர் 1

திரவம் கப்பல் ஏறியது. போய்ச் சேர நான்கு வாரம்.

டிசம்பர் 8

நேற்று ஹவாய். இன்று பிலிப்பைன்ஸ். வெண்டல் இருக்கும் விமானத்தளத்தில் ஜப்பான்காரர்கள் குண்டு போட்டிருக்கிறார்கள். அங்கிருந்து ஒரு விமானமும் மேலே கிளம்பவில்லையாம். ஆட்களைப் பற்றிச் செய்தி இல்லை.

சாயங்காலம் ஒஹாயோவிலிருந்து வெண்டல் மனைவி லோர்னா தொலைபேசியில் பேசினாள். "ரேடியோல சொன்னாங்க க்ளெம். வெறுங்கையோட இல்லையே அவங்க? நீங்க ஐம்பது அனுப்பினீங்கன்னு அவர் எழுதியிருந்தாரே."

"ஆமா லோர்னா. ஐம்பது அனுப்பினேன்."

பெருமூச்சு விட்டாள். "அது போதும் எனக்கு. நீங்க பாத்துக்குவீங்கன்னு தெரியும்," என்று சொல்லி வைத்துவிட்டாள்.