டைரக்டர் அங்கன என்ன செய்றாக

அன்புள்ள அப்பாவுக்கு,

மும்பையிலிருந்து மகிமா. கர்த்தர் கிருபையால் சுகமாக இருக்கிறேன். உங்கள் முழங்கால் வலி குறைந்ததா? போனில் சொன்னால் பாதியிலேயே கோபப்படுவீர்கள், அதனால் எழுதுகிறேன்.

போடியில் என்னைப் பஸ் ஏற்றும்போது கேட்டீர்களே, "நடிக்கிறவுக நடிக்கிறாக, கேமராவ ஒருத்தர் பாக்குறாக. டைரக்டர் அங்கன என்னதான் செய்றாக?" என்று. போன வாரம்தான் பதில் கிடைத்தது.

நான் உதவி டைரக்டராக இருக்கும் இந்திப் படத்தில் பாட்டு, சண்டை கிடையாது. வசனத்தைப் படப்பிடிப்பிலேயே பதிவு செய்வோம். மகன் இறந்த செய்தியைப் போனில் கேட்கும் அப்பாவாக, பெரிய நடிகர் ஒருவர் கதறி அழுதார். பக்கத்தில் நின்ற நான் என்னை அறியாமல் "ஆத்தாடி" என்றுவிட்டேன். அதுவும் பதிவாகிவிட்டது. எல்லோரும் முறைத்தார்கள். டைரக்டர் வசுதா மேடம் என்னைத் திட்டவில்லை. நடிகரிடம், "அழுகையை இந்தப் பெண்ணைப் போலப் பார்க்கிறவர்களுக்கு விட்டுவிடுங்கள். நீங்கள் போனை வைத்துவிட்டு, மேஜையில் இருக்கும் டீயைக் குடியுங்கள்" என்றார். நடிகர் கோபித்துக்கொண்டு தன் வேனுக்குள் போய்விட்டார். தயாரிப்பாளர் கெஞ்சியும் மேடம் அசையவில்லை. சாயங்காலம் நடிகரே வந்து, கேமரா முன்னால் அழாமல் போனை வைத்துவிட்டு அந்த டீயைக் குடித்தார். இந்த முறை லைட்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஏலக்காய் ஏலத்தில் எல்லோரும் நல்ல காய் என்றாலும், நீங்கள் முகர்ந்து பார்த்துவிட்டு ஒதுக்கி வைப்பீர்களே, அதுதான் டைரக்டர் வேலை. அதைக் கற்காமல் திரும்ப மாட்டேன். நம் சர்ச் சபையில் எனக்குப் பார்த்த மாப்பிள்ளை வீட்டாருக்கு அதையே சொல்லிவிடுங்கள்.

அம்மாவைப் பருப்புப்பொடி அனுப்பச் சொல்லுங்கள். அப்புறம், காலையில் நம் ஏலக்காய்க் கடை ஷட்டரைத் தூக்கும் சத்தத்தைப் போனில் பதிவு செய்து அனுப்புங்கள். படத்துக்கு இல்லை.

படப்பிடிப்புக்குப் போகும் வண்டி வந்துவிட்டது.

மகிமா