மதிலில் வைத்த பாதித் தேங்காய்

நானா,

உங்கள் கடைசி மகன் இன்று காலை வந்து போனார். தோப்பூரிலிருந்து முதல் பஸ் பிடித்து வந்திருக்கிறார். ஒரு கையில் அவர்கள் வயலின் சிவப்பரிசி, மற்றக் கையில் ஒரு டின். அரிசியை வாங்கிக்கொண்டேன். டின்னுக்குக் கை நீளவில்லை. நான் ஆஸ்பத்திரியில் உங்களுக்குக் கொண்டுவந்து தந்த அதே சத்துமா டின். மூடியில் ஒட்டிய பிளாஸ்டிக்கூடக் கிழியவில்லை.

“வாப்பாட சாமானோட இருந்திச்சு அங்கிள். எங்கட வீட்டில ஆரும் குடிக்கிறல்ல. நீங்களாவது குடிங்க” என்றார்.

அந்த டின் இப்போது மேசையில் எனக்கு எதிரே இருக்கிறது. நீங்கள் இருந்திருந்தால் அதைத் திருப்பிப் பிடித்து, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, பின்பக்கத்துச் சின்ன எழுத்தை வாய்விட்டு வாசித்திருப்பீர்கள். முப்பது வருடம் மருந்துக்கடையில் நின்று இப்படியான டின்களை விற்றவர் அல்லவா நீங்கள்! “வித்திரிக்கன் கிளாக்கர், ஒண்டையும் வாயில வெச்சதில்ல” என்று எத்தனை தரம் சொல்லியிருப்பீர்கள். துறைமுகக் கந்தோரில் கிளாக்கர் வேலையை விட்டு நான் வந்து எத்தனையோ வருடமாகியும் உங்கள் வாயில் நான் கிளாக்கர்தான். உங்கள் ஆட்கள் அண்ணனைக் கூப்பிடும் சொல்லால் நான் உங்களை நானா என்றேன். பாலையூற்றில் ஒரே மதிலுக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் நீங்கள். இரண்டு பக்கமும் ஒவ்வொரு தனியாள்.

உங்களுக்கு மூன்றும் ஆண்பிள்ளைகள். உங்கள் வழமைப்படி மூவரும் கலியாணம் முடித்துப் பெண் வீட்டோடு போய்விட்டார்கள். எனக்கு ஒரே மகள், கனடாவில். உங்கள் மனைவி மௌத்தான அடுத்த வருடம் என் மனைவியும் போய்விட்டாள். அதற்கு முன் நாம் இருவரும் மதிலுக்கு மேலால் தலையாட்டிக்கொண்டதோடு சரி. தேங்காய்தான் நம்மைக் கதைக்க வைத்தது.

நான் உடைக்கும் தேங்காயில் எப்போதும் பாதி மிஞ்சும். மிஞ்சியது ஃபிரிட்ஜுக்குள் கிடந்து சிவந்து, வழுவழுத்து, புளித்த மணம் பிடித்துவிடும். அதை ஒருநாள் நான் வளவு மூலையில் புதைத்துக்கொண்டிருந்தபோது உங்கள் தலை மதிலுக்கு மேல் தெரிந்தது.

“என்ன கிளாக்கர், கிழமைக்கு ரெண்டு தேங்காய்க்குக் கபுறு தோண்டுறீங்க?”

“என்ன செய்யிறது நானா, ஒரு ஆளால ஒரு தேங்காயை முடிக்க ஏலாது.”

“எனக்கும் ஏலாதுதான். இனி ஒருநாள் நீங்க உடைங்க, ஒருநாள் நான் உடைக்கன். பாதி பாதி.”

அவ்வளவுதான் நமது உடன்படிக்கை. உடைப்பவர் ஒரு பாதியைப் பீங்கானில் வைத்து, காகம் கொத்தாமல் சட்டி மூடியால் மூடி, மதிலுக்கு மேல் வைக்க வேண்டும். பிறகு கத்திப் பிடியால் மதிலில் இரண்டு தட்டு. தேங்காய்க்குப் பிறகு பூசணிக்காய் வந்தது, அதற்குப் பிறகு கீரைக்கட்டு, கடைசியில் மீன். சல்லிக் கடற்கரையிலிருந்து சைக்கிளில் மீன் கொண்டுவருபவர் நமக்குப் பொதுவாக ஒரு பாரையை வெட்டி, தலையை ஒருநாள் உங்களுக்கும் ஒருநாள் எனக்கும் தருவார். யாருடைய முறை என்று நீங்கள் அவரோடு சண்டை பிடிப்பீர்கள். வெள்ளிக்கிழமை எனக்கு மீன் மச்சம் இல்லை, அன்றைக்கு இரண்டு வீட்டிலும் முருங்கையிலை. நோன்பு மாதத்தில் மட்டும் மதில் தட்டுகிற நேரம் பின்னேரத்துக்கு மாறும்.

அப்போது இது எனக்குப் பெரிய விசயமாகத் தெரியவில்லை. இப்போதுதான் யோசிக்கிறேன். தேங்காய் ஒரு ஆளுக்கென்று காய்ப்பதில்லை. கீரையை ஒரு ஆளுக்கென்று யாரும் கட்டுவதில்லை. பக்கெற்றில் அடைத்து விற்கிறவன்தான் எங்களைப் போன்ற தனியாட்களை நன்றாக அறிந்து வைத்திருக்கிறான். ஒரு பக்கெற், ஒரு கிண்ணம் சுடுதண்ணீர், ஒரு ஆள். பங்கு கொடுக்க ஒருவரும் தேவையில்லை, ஒருவரோடும் கதைக்கவும் தேவையில்லை.

மகள் இங்கே வர ஆள் கிடைக்கும் போதெல்லாம் சத்துக் குளிசைகளைப் போத்தல் போத்தலாக அனுப்புவாள். முதல் தரம் அவற்றை உங்களுக்குப் பெருமையாகத்தான் காட்டினேன். ஒன்றை எடுத்து வாசித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தீர்கள்.

“மீனெண்ணெய்! அட அல்லாஹ்வே! கடலை முன்னால வெச்சுக்கிட்டு மீனைக் கனடாவில இருந்து எடுப்பிக்கிறீங்க!”

எனக்குக் கோபம் வந்துவிட்டது. “அப்ப ஆஸ்பத்திரியில தாற பிரஷர்க் குளிசையையும் எறியட்டோ?” என்று கேட்டேன். உடனே உங்கள் முகம் மாறிவிட்டது.

“அது வேற கதை. டொக்டர் பாத்து எழுதித் தந்தா அது மருந்து, நேரம் தப்பாமப் போடுங்க. ஆரும் சொல்லாம நாமளா வாங்கி விழுங்கினா அது யாவாரம். நான்தானே வித்த ஆள், எனக்குத் தெரியாதா?”

இன்னொரு நாள், சோம்பலில், நூடில்ஸ் பக்கெற் ஒன்றை அவித்தேன். குசினி ஜன்னலைச் சாத்திவிட்டுத்தான் அவித்தேன். “கிளாக்கர்! அந்தத் தூள்ற மணம் மதிலேறி வருது! ரெண்டு நாளைக்கு எனக்கு உங்களோட கதை இல்ல!” என்று அந்தப் பக்கத்திலிருந்து சத்தம் கேட்டது. சொன்னபடி இரண்டு நாளும் மதில் தட்டவேயில்லை. நானும் வீம்புக்குக் கூப்பிடவில்லை. மூன்றாம் நாள் தட்டுச் சத்தம் கேட்டு ஓடி வந்தால், பீங்கானில் பாதித் தேங்காயும் பக்கத்தில் காம்பு நீக்கி உருவிய முருங்கையிலை ஒரு பிடியும் இருந்தன. இலை உருவுவது எனக்குப் பிடிக்காத வேலை என்று தெரிந்து செய்திருக்கிறீர்கள். இத்தனை கதைக்கும் நீங்கள், தேநீருக்கு மூன்று கரண்டி சீனி போடுவீர்கள். கேட்டால், “அது சந்தோசத்துக்கு” என்பீர்கள்.

எட்டு மாதத்துக்கு முன்பு நெஞ்சு நோகிறதென்று உங்களை ஆஸ்பத்திரி வார்ட்டில் மறித்து வைத்தார்கள். நோயாளியைப் பார்க்க வெறுங்கையோடு போகக்கூடாது என்று இங்கே எல்லாரும் செய்வதைத்தான் நானும் செய்தேன். வாசலுக்கு எதிர்க் கடையில் ஒரு சத்துமா டின் வாங்கினேன். உங்கள் கட்டிலடியில் வேறு ஆட்கள் கொண்டுவந்த டின்கள் ஏற்கெனவே நாலைந்து வரிசையாக நின்றன. என்னுடையதை மட்டும் நீங்கள் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தீர்கள். கண்ணாடி வீட்டில் கிடந்தது.

“இதுக்குள்ள போட்ட சாமான்ல முதல் பேர் என்ன எழுதியிரிக்கி? வாசிங்க.”

“சீனி.”

“கிளாக்கர், எனக்கேவா?”

சிரித்தீர்கள். சிரிப்பு இருமலாகிவிட்டது. இருமி முடித்து, மூச்சுத் தேறி, சின்னக் குரலில் சொன்னீர்கள்: “நாளைக்கு வரக்குள்ள கொஞ்சம் தேங்காய்ப்பால் சொதி கொண்டு வாங்க. டொக்டர்ட்டக் கேட்டுட்டன், உப்புக் குறைச்சுப் போடட்டாம். தேங்காய் உடைச்சா பாதி என்டதானே?”

“ஓம் நானா, நாளைக்குக் கொண்டுவாறன்” என்றேன்.

அன்றைக்கே கொண்டுவந்திருக்கலாம், நானா. பஸ் ஏறினால் கால் மணித்தியாலத்தில் வீடு. பின்னேரம் ஆட்களை உள்ளே விடும் நேரத்துக்கு முன் இரண்டு தரம் சொதி வைத்திருக்கலாம். எனக்கு அலுப்பாக இருந்தது. நாளைக்கு என்ற ஒன்று எப்படியும் வரும் என்று நினைத்துவிட்டேன்.

அடுத்த நாள் காலையில் தேங்காய் உடைத்து, பால் பிழிந்து, உப்பைக் குறைத்துச் சொதி வைத்தேன். சாப்பாட்டுக் கரியரில் ஊற்றிக்கொண்டு வந்தால், உங்கள் கட்டிலில் மெத்தையைச் சுருட்டி வைத்திருந்தார்கள். இரவே முடிந்துவிட்டது, பிள்ளைகள் உங்களை அடக்கம் செய்யச் சொந்த ஊரான கிண்ணியாவுக்குக் கொண்டுபோய்விட்டார்கள் என்றார் தாதி. அந்தக் கரியரோடேயே பஸ் ஏறிப் பாலத்தைக் கடந்து வந்தேன். மையவாடிக்கு வெளியே, வெயிலில், சொதியைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றேன். அதை எங்கே வைப்பது, யாரிடம் கொடுப்பது என்று எனக்குத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து திறந்தபோது அது திரைந்து போயிருந்தது.

அன்றோடு நான் தேங்காய் உடைப்பதை விட்டுவிட்டேன். காலையில் பிஸ்கட், மத்தியானம் நூடில்ஸ், பின்னேரம் ஏதாவது மா கரைத்த ஒரு கோப்பை. சாப்பாட்டில் குறைவதை மகளின் குளிசைகள் பார்த்துக்கொள்ளும் என்று என்னை நானே பேய்க்காட்டினேன். ‘என்னப்பா சாப்பிட்டனீங்கள்?’ என்று அவள் போனில் கேட்டால் சோறும் மீனும் என்பேன். உங்கள் மீது கோபமும் இருந்தது, மறைக்கமாட்டேன். வாழ்நாள் முழுக்கக் கீரையும் மீனும் தின்ற மனிதர் எனக்கு முந்திப் போய்விட்டார், பிறகென்ன எனக்குக் கீரை என்ற கோபம். இதையே நீங்கள் இருந்தபோதும் ஒருமுறை கேட்டிருக்கிறேன். “சாகாம இரிக்கவா தின்னுறம்? இரிக்கிற வரைக்கும் நம்மட காலால நடக்கத்தான்” என்றீர்கள்.

அந்தக் கால் இப்போது வீங்குகிறது. போன கிழமை கிளினிக்கில் ஒரு பிள்ளை, புது டொக்டர், என் கொப்பியைப் புரட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஐயா, ரத்தத்தில சீனி நல்லா ஏறியிருக்கு, பிரஷரும் கூட. வீட்டில ஆர் சமைக்கிறது?”

“நான்தான் பிள்ளை.”

“என்ன சமைக்கிறனீங்கள்?”

மடியிலிருந்த பைக்குள் தெரிந்த நூடில்ஸ் பக்கெற்றை உள்ளே தள்ளினேன். “அடுத்த மாதமும் இப்பிடியே இருந்தால் ஒவ்வொரு நாளும் இன்சுலின் ஊசிதான் போடவேணும். தனியப் போடுவீங்களோ?” என்று மட்டும் கேட்டாள். என் கை நடுங்குவது உங்களுக்குத் தெரியும், மகளுக்குத் தெரியாது. தெரிந்தால் அடுத்த பிளேனிலேயே வந்து வீட்டைப் பூட்டி என்னைக் கூட்டிக்கொண்டு போய்விடுவாள். இந்த வயதில் அந்தக் குளிருக்குள், ஒரு அறைக்குள், எந்த மதிலை நான் தட்டுவது?

இதையெல்லாம் உங்கள் மகனிடம் நான் சொல்லவில்லை. தேநீர் குடித்துவிட்டு எழும்பியவர் கதவடியில் தயங்கி நின்றார்.

“அங்கிள், ஒண்டு கேக்கணும். கடைசி நாள் பின்னேரம் வாப்பா என்ட பொஞ்சாதிட்டச் சொன்னாராம், நாளைக்குப் பகலைக்குச் சோறு கொண்டு வராதீங்க, கிளாக்கர் சொதி கொண்டு வருவார் எண்டு. கொண்டு வந்தீங்களா?”

“ஓம் தம்பி, கொண்டு வந்தனான்” என்றேன். அவர் என் கையைப் பிடித்து அழுத்தினார். பிறகு பஸ்ஸுக்கு நேரமாகிறதென்று போனார்.

அவர் போன பிறகு மேசையடிக் கதிரையில் இருந்து நன்றாக அழுதேன். அழுது முடித்து, முகத்தைக் கழுவி, சந்திக் கடைக்கு நடந்தேன். ஒரு தேங்காய் வாங்கினேன். பின்வளவில் நிற்கும் முருங்கையில் ஒரு கொப்பு முறித்தேன். எட்டு மாதத்துக்குப் பிறகு உடைப்பதால் குறி தவறி, நாலாம் தட்டில்தான் பிளந்தது. கை பழக்கத்தில் ஒரு பாதியைப் பீங்கானில் வைத்து, மூடி, மதிலுக்குக் கொண்டுபோய்விட்டது. காற்றடித்ததால் மூடிக்குப் பாரமாக அந்த டின்னையே ஏற்றி வைத்தேன். பாவம், அதுவும் ஒரு வேலைக்கு உதவியது. கத்திப் பிடியால் இரண்டு தட்டுத் தட்டினேன்.

உங்கள் வீடு பூட்டித்தான் கிடக்கிறது. வாசலில் சருகு குவிந்திருக்கிறது. துறைமுகப் பக்கம் ஒரு கப்பல் ஊதி ஓய்ந்தது. உங்கள் பக்கத்திலிருந்து ஒரு சத்தமும் இல்லை. வராது என்று தெரிந்துகொண்டே கொஞ்ச நேரம் நின்றேன், நானா. பிறகு பீங்கானையும் டின்னையும் எடுத்துக்கொண்டு உள்ளே வந்தேன்.

முருங்கையிலையை நானே உருவினேன். அரை மணித்தியாலம் எடுத்தது. என் பாதியைத் துருவி, கொஞ்சம் தேங்காய்ப்பூவை முருங்கையிலைச் சுண்டலுக்கு எடுத்துவைத்து, மிச்சத்தைப் பிழிந்து சொதி வைத்தேன். உங்கள் மகன் தந்த அரிசியில் ஒரு சுண்டு அளந்து சோறாக்கினேன். உப்பு, அன்றைக்கு உங்களுக்குப் போட்ட அதே அளவு. பீங்கானில் ஒன்றும் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டேன்.

உங்கள் பாதி ஃபிரிட்ஜில் இருக்கிறது. அதைச் சிவக்க விடமாட்டேன். அதற்காகவாவது நாளைக்கும் நான் சமைக்க வேண்டும்.